தொடக்ககால வரைகலை இயக்கச் சூழல்களில் முழுத்திரை அசைவூட்டம்

தொடக்ககால வரைகலை இயக்கச் சூழல்களில் முழுத்திரை அசைவூட்டம் என்பது, சாளரங்கள், பட்டிகள், சுட்டி ஆகியவற்றைக் கொண்டு இயங்கிய முதல் தலைமுறைக் கணினிகளில், திரை முழுவதையும் நிரப்பும் நகரும் படங்களைச் சிமிட்டலும் பிளவும் இன்றிக் காட்டக் கையாளப்பட்ட வழிமுறைகளைக் குறிக்கும். இவ்வழிமுறைகள் 1980களின் நடுப்பகுதி முதல் 1990களின் நடுப்பகுதி வரை பெரிதும் வளர்ச்சியடைந்தன. ஆப்பிள் மெக்கின்டாஷ், கொமடோர் அமிகா, அட்டாரி எஸ்டி, அக்கார்ன் ஆர்க்கிமிடீஸ், மைக்ரோசாப்ட் விண்டோஸ் ஆகியவை இச்சிக்கலை வெவ்வேறு விதமாக அணுகின.

இச்சிக்கலுக்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று, அக்காலச் செயலிகளுக்கும் பாட்டைகளுக்கும் திரையின் ஒவ்வொரு படவணுவையும் நொடிக்குப் பல முறை மாற்றும் வேகம் இல்லாமை. மற்றொன்று, வரைகலை இயக்கச் சூழலின் அடிப்படைக் கொள்கை. அத்தகைய சூழலில் திரை எந்த ஒரு நிரலுக்கும் சொந்தமானதன்று. பல நிரல்கள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் சீரான அசைவூட்டத்திற்குத் திரையின் மீது முழுக் கட்டுப்பாடு தேவைப்பட்டது. இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சியே இத்துறையின் வரலாறு எனலாம்.

அடிப்படைகள்

திரைப் புதுப்பிப்பு

எதிர்மின் கதிர்க் குழாய்த் திரையில் ஒரு மின்னணுக் கற்றை மேலிருந்து கீழாக, வரி வரியாகப் படத்தை வரைகிறது. கடைசி வரி முடிந்தபின் கற்றை மீண்டும் மேல் மூலைக்குத் திரும்பும் சிறு இடைவேளையில் திரையில் எதுவும் வரையப்படுவதில்லை. இது செங்குத்து வெற்றிடைவேளை எனப்படும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு சட்டகத்திற்கு ஏறக்குறைய 16.7 மில்லிநொடிகளும், 50 முறை புதுப்பிக்கப்படும் திரையில் 20 மில்லிநொடிகளும் கிடைக்கின்றன.

திரையில் தெரியும் படம், திரை நினைவகம் எனப்படும் நினைவகப் பகுதியில் எண்களாக வைக்கப்பட்டுள்ளது. காட்சிச் சுற்று இந்நினைவகத்தை இடைவிடாது படித்துத் திரைக்கு அனுப்புகிறது. நிரல் அதே நினைவகத்தில் எழுதுகிறது. படிப்பதும் எழுதுவதும் ஒன்றோடொன்று ஒத்திசையாதபோது இரு குறைகள் தோன்றுகின்றன.

* சிமிட்டல்: பழைய உருவத்தை அழித்துப் புதியதை வரைவதற்கு இடையில் கற்றை அவ்விடத்தைக் கடந்துவிட்டால், அச்சட்டகத்தில் உருவம் காணாமற்போகும்.
* படப் பிளவு: திரையின் மேற்பகுதி பழைய படத்தையும் கீழ்ப்பகுதி புதிய படத்தையும் காட்டும். பக்கவாட்டில் நகரும் உருவங்களில் இது வெட்டுப்பட்டது போலத் தெரியும்.

இரட்டை இடைநினைவகமும் பக்கம் புரட்டலும்

இக்குறைகளுக்கான பொதுத் தீர்வு இரட்டை இடைநினைவகம் ஆகும். இதில் நிரல், திரையில் தெரியாத இரண்டாவது நினைவகப் பகுதியில் படத்தை முழுமையாக வரைகிறது. வரைந்து முடித்த படத்தைத் திரைக்குக் கொண்டுவர இரு வழிகள் உள்ளன.

முதல் வழி, அப்படம் முழுவதையும் திரை நினைவகத்திற்குப் படியெடுப்பது. இதற்கு நேரம் ஆகும். இரண்டாவது வழி, படிக்கத் தொடங்க வேண்டிய முகவரியைக் காட்சிச் சுற்றுக்கு மாற்றிக் கொடுப்பது. இது பக்கம் புரட்டல் எனப்படும். முகவரி மாற்றம் செங்குத்து வெற்றிடைவேளையில் நிகழ்ந்தால் பயனர் எப்போதும் முழுமையான படத்தையே காண்பார். படம் எவ்வளவு பெரிதாயினும் புரட்டுவதற்கு ஆகும் நேரம் மாறுவதில்லை.

ஆயினும் பக்கம் புரட்டல் திரை முழுவதையும் ஒரே வீச்சில் மாற்றுகிறது. திரையின் ஒரு பகுதியில் மட்டும் இருக்கும் சாளரத்திற்கு இதனைப் பயன்படுத்த இயலாது. இரண்டாவது பக்கத்தில் பிற நிரல்களின் சாளரங்கள் இருக்கமாட்டா என்பதே காரணம். முழுத்திரை அசைவூட்டமும் சாளர அசைவூட்டமும் வெவ்வேறு பாதைகளில் வளர்ந்தமைக்கு இதுவே அடிப்படை.

பிட்பிளிட்

சாளரச் சூழல்களின் அடிப்படைச் செயல், நினைவகத்தில் உள்ள செவ்வகப் படப்பகுதி ஒன்றை வேறோர் இடத்திற்குப் படியெடுப்பதாகும். பிட்பிளிட் என்னும் இச்செயலை 1975 ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டேன் இங்கால்ஸ் உருவாக்கினார். அங்கு 1973 இல் உருவாக்கப்பட்ட ஆல்டோ கணினியின் 606×808 படவணுத் திரையில், ஸ்மால்டாக் சூழலின் சாளரங்களையும் எழுத்துக்களையும் வரைய இது பயன்பட்டது. பிற்காலச் சூழல்கள் அனைத்தும் இச்செயலை ஏதேனும் ஒரு பெயரில் கொண்டிருந்தன. சில கணினிகளில் இதற்கெனத் தனி வன்பொருளும் அமைந்தது.

கணினிகளும் அணுகுமுறைகளும்

ஆப்பிள் மெக்கின்டாஷ்

1984 சனவரி 24 அன்று அறிமுகமான மெக்கின்டாஷ், 512×342 படவணுக்கள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரையைக் கொண்டிருந்தது. படவணுவுக்கு ஒரு பிட்டு மட்டுமே தேவைப்பட்டதால் திரை நினைவகம் 21,888 பைட்டுகளாக இருந்தது. வரைகலைக்கெனத் தனி வன்பொருள் எதுவும் இல்லை, 7.83 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய 68000 செயலியே அனைத்தையும் வரைந்தது. பில் அட்கின்சன் எழுதிய குவிக்டிரா என்னும் நிரல் தொகுப்பின் திறமையே இக்குறையை ஈடுசெய்தது.

மெக்கின்டாஷின் வன்பொருளில் இரண்டாவது திரைப் பக்கம் ஒன்றுக்கு இடமிருந்தது. ஒரு பிட்டை மாற்றினால் காட்சிச் சுற்று மற்றப் பக்கத்தைப் படிக்கும். ஆயினும் மொத்த நினைவகமே 128 கிலோபைட்டாக இருந்தமையால் மேலும் 22 கிலோபைட்டை ஒதுக்குவது பல நிரல்களுக்குக் கடினமாயிற்று. 1987 இல் வெளிவந்த மெக்கின்டாஷ் II இல் காட்சிச் சுற்று தனி அட்டையாக மாறியபோது இவ்வசதி தொடரவில்லை. எனவே மெக்கின்டாஷ் நிரலாளர்கள், மறைவான நினைவகத்தில் வரைந்து, மாறிய பகுதியை மட்டும் திரைக்குப் படியெடுக்கும் முறையையே பெரிதும் பின்பற்றினர். வெற்றிடைவேளை தோறும் ஒரு சிறு நிரலை இயக்கும் வசதியை இயங்குதளம் அளித்ததால், படியெடுப்பைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைக்க முடிந்தது.

கொமடோர் அமிகா

ஜெய் மைனர் தலைமையிலான குழு வடிவமைத்த அமிகா, 1985 சூலை 23 அன்று நியூயார்க் நகரில் அறிமுகமானது. இதன் செயலியும் 68000 தான். வேகம் ஏறக்குறைய 7 மெகாஹெர்ட்ஸ். ஆனால் செயலியோடு தனிப்பயன் சில்லுகளும் இருந்தன. அவற்றின் இரு பகுதிகள் அசைவூட்டத்திற்கு முதன்மையானவை.

* பிளிட்டர்: படப்பகுதிகளைப் படியெடுத்தல், இணைத்தல், கோடு வரைதல், பரப்பை நிரப்புதல் ஆகியவற்றைச் செயலியின் உதவியின்றிச் செய்தது.
* காப்பர்: மின்னணுக் கற்றை திரையில் குறித்த இடத்தை அடையும் வரை காத்திருந்து, பின் வன்பொருள் பதிவகங்களை மாற்றிய எளிய துணைச்செயலி. இதன்மூலம் திரையின் நடுவிலேயே நிறங்களையும் திரை முகவரியையும் மாற்ற முடிந்தது.

அமிகாவின் திறனைக் காட்ட டேல் லக், ஆர். ஜே. மைக்கல் ஆகியோர் உருவாக்கிய 'போயிங் பால்' என்னும் செயல்விளக்கம், 1984 சனவரியில் லாஸ் வேகாஸ் நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில் முதலில் காட்டப்பட்டது. சிவப்பும் வெள்ளையுமான கட்டங்கள் கொண்ட பெரிய பந்து ஒன்று சுழன்றபடி திரை முழுவதும் துள்ளியது. உண்மையில் அப்பந்து ஒவ்வொரு சட்டகத்திலும் புதிதாக வரையப்படவில்லை. நிறத்தட்டில் உள்ள நிறங்களை வரிசையாக மாற்றியதன் மூலம் பந்து சுழல்வது போன்ற தோற்றம் உருவானது. திரை முகவரியையும் நகர்வுப் பதிவகங்களையும் மாற்றியதன் மூலம் பந்து இடம் பெயர்ந்தது. எனவே செயலியின் வேலை மிகக் குறைவாகவே இருந்தது.

அமிகாவின் இயங்குதளம் இவ்வன்பொருளைத் தன் வடிவமைப்பிலேயே பயன்படுத்திக்கொண்டது. மைக்கல் எழுதிய இன்டியூஷன் என்னும் இடைமுகத்தில் சாளரங்களுக்கு மேலாகத் 'திரை' என்னும் கருத்து இருந்தது. ஒரு நிரல் தனக்கெனத் தனித் திரையைத் திறந்து, வேண்டிய படவணு எண்ணிக்கையையும் நிறங்களையும் அமைத்துக்கொள்ளலாம். பயனர் அத்திரையைச் சுட்டியால் பிடித்துக் கீழே இழுத்தால், அதன் பின்னால் உள்ள வர்க்பெஞ்ச் மேசைத்தளம் தெரியும். மேலே ஒரு படவணு எண்ணிக்கையும் கீழே வேறொன்றும் கொண்ட இரு படங்கள் ஒரே நேரத்தில் தெரிந்தமைக்குக் காப்பரே காரணம். காப்பர் வரிக்கு வரியே முகவரியை மாற்றியதால், திரைகளை மேலும் கீழும் மட்டுமே இழுக்க முடிந்தது.

முழுத்திரை நிரலும் பல்பணிச் சூழலும் ஒன்றையொன்று விலக்காமல் இயங்க முடியும் என்பதை அமிகா காட்டியது குறிப்பிடத்தக்கது.

அட்டாரி எஸ்டி

1985 இல் வெளிவந்த அட்டாரி எஸ்டி, 8 மெகாஹெர்ட்ஸ் 68000 செயலியையும் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் ஜெம் சூழலையும் கொண்டிருந்தது. தொடக்க மாதிரிகளில் பிளிட்டர் இல்லை. 1987 இன் மெகா எஸ்டி மாதிரியில் அது சேர்க்கப்பட்டது. திரை நினைவகம் எல்லா முறைகளிலும் 32,000 பைட்டுகள் ஆகும்.

பக்கம் புரட்டலின் தேவையை இக்கணினியின் எண்கள் தெளிவாக உணர்த்துகின்றன. 50 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகத்திற்குச் செயலிக்குக் கிடைப்பவை 1,60,000 சுழற்சிகள். 68000 செயலி இரண்டு பைட்டுகளைப் படிக்க 4 சுழற்சிகளும் எழுத 4 சுழற்சிகளும் எடுத்துக்கொள்கிறது. எனவே 32,000 பைட்டுகளைப் படியெடுக்கக் குறைந்தது 1,28,000 சுழற்சிகள் தேவை. அதாவது, கிடைக்கும் நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் படியெடுப்பிலேயே கழிந்துவிடும். படத்தை வரைய நேரம் எஞ்சாது.

இதனால் அட்டாரியின் இயங்குதளத்திலேயே 'வரையும் திரை', 'தெரியும் திரை' என இரு முகவரிகள் தனித்தனியே வைக்கப்பட்டிருந்தன. நிரலாளர் ஒரு பக்கத்தில் வரைந்துகொண்டே மற்றதைக் காட்டலாம். பின்னர் ஒரே அழைப்பில் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். புதிய முகவரி அடுத்த வெற்றிடைவேளையில் செயலுக்கு வரும்.

அக்கார்ன் ஆர்க்கிமிடீஸ்

1987 இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஆர்க்கிமிடீஸ், 8 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய ஆர்ம் செயலியைக் கொண்டிருந்தது. இதில் பிளிட்டர் இல்லை. ஆயினும் ஒரே ஆணையில் பல பதிவகங்களை நினைவகத்தில் எழுதும் திறனால், செயலியே விரைவாக வரைந்தது. இதன் இயங்குதளத்தில், வரையும் பக்கத்தையும் தெரியும் பக்கத்தையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கவும், வெற்றிடைவேளைக்காகக் காத்திருக்கவும் அழைப்புகள் இருந்தன. டேவிட் பிராபன் உருவாக்கிய 'லேண்டர்' என்னும் முப்பரிமாணச் செயல்விளக்கம் இக்கணினியின் வேகத்திற்குச் சான்றாக விளங்கியது.

ஐபிஎம் ஒத்தியல்புக் கணினிகளும் விண்டோஸும்

டாஸ் சூழல்

ஐபிஎம் நிறுவனம் 1987 இல் அறிமுகப்படுத்திய விஜிஏ காட்சி அமைப்பு, 320×200 படவணுக்களில் 256 நிறங்களைக் காட்டும் முறையைக் கொண்டிருந்தது. இதற்கு 64,000 பைட்டுகள் போதும். விஜிஏ அட்டையில் 256 கிலோபைட்டு நினைவகம் இருந்தபோதும், இம்முறையில் ஒரு பக்கம் மட்டுமே எளிதாகக் கிடைத்தது. பதிவகங்களை வேறு விதமாக அமைத்து, 320×240 படவணுக்களில் 76,800 பைட்டு அளவுள்ள மூன்று பக்கங்களைப் பெறும் வழியை மைக்கேல் அப்ராஷ் 1991 இல் டாக்டர் டாப்ஸ் ஜர்னல் இதழில் விளக்கினார். அவர் இதற்கு 'மோட் எக்ஸ்' எனப் பெயரிட்டார்.

டாஸ் இயங்குதளத்தில் ஒரு நேரத்தில் ஒரு நிரலே இயங்கியது. வன்பொருளை அது நேரடியாகக் கையாளலாம். 1993 திசம்பரில் வெளிவந்த 'டூம்' போன்ற நிகழ்பட ஆட்டங்கள் இச்சுதந்திரத்தின் மீதே எழுந்தன. டூம் ஆட்டத்தின் உச்ச வேகமான நொடிக்கு 35 சட்டகங்கள் என்பது, அத்திரை முறையின் 70 ஹெர்ட்ஸ் புதுப்பிப்பு வேகத்தில் சரிபாதியாகும்.

விண்டோஸ் 3.x

1985 நவம்பரில் வெளிவந்த விண்டோஸ் 1.0 முதல், நிரல்கள் ஜிடிஐ என்னும் அடுக்கின் வழியாகவே திரையில் வரைந்தன. எந்தத் திரையட்டையாயினும், அச்சுப்பொறியாயினும் ஒரே நிரல் மாற்றமின்றி வேலை செய்ய வேண்டும் என்பதே ஜிடிஐயின் நோக்கம். இந்நோக்கமே அசைவூட்டத்திற்குத் தடையாயிற்று. 1990 இல் விண்டோஸ் 3.0 பரவலான பின்பும் பின்வரும் சிக்கல்கள் நீடித்தன.

* திரையட்டைக்கு உகந்த பட வடிவத்தின் நினைவகத்தை நிரல் நேரடியாக அணுக முடியாது. நிரல் அணுகக்கூடிய பொது வடிவத்தைத் திரைக்கு அனுப்பும்போது சாதன இயக்கி அதை மாற்ற வேண்டியிருந்தது. இது பல இயக்கிகளில் மிக மெதுவாக நடந்தது.
* 256 நிற முறையில் 20 நிறங்களை விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்டது. நிரலின் நிறத்தட்டு, அமைப்பின் நிறத்தட்டோடு வரிசை மாறாமல் பொருந்தாவிடில் ஒவ்வொரு படவணுவின் எண்ணும் மாற்றப்பட வேண்டும்.
* வழக்கமான நேரங்காட்டிச் செய்திகள் 55 மில்லிநொடிக்கு ஒருமுறைக்கு மேல் வருவதில்லை. எனவே அவற்றை நம்பிய நிரல் நொடிக்கு ஏறத்தாழ 18 சட்டகங்களைத் தாண்ட முடியாது.
* திரையின் வெற்றிடைவேளையை அறியவோ பக்கம் புரட்டவோ ஜிடிஐயில் அழைப்பு இல்லை.

இவற்றோடு பாட்டையின் வேகமும் சேர்ந்துகொண்டது. 640×480 படவணுக்களில் 256 நிறம் கொண்ட ஒரு படம் 3,07,200 பைட்டுகள் ஆகும். நொடிக்கு 30 சட்டகங்கள் எனில் 92,16,000 பைட்டுகளை அனுப்ப வேண்டும். 16 பிட்டு ஐஎஸ்ஏ பாட்டையின் கோட்பாட்டளவிலான உச்சமே நொடிக்கு ஏறக்குறைய 80 இலட்சம் பைட்டுகள்தாம். 1992 இன் வீடியோ ஃபார் விண்டோஸின் தொடக்ககால நிகழ்படங்கள் சிறு சாளரங்களிலேயே ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். 1992 இல் அறிமுகமான வெசா உட்பாட்டையும், பின்னர் பரவிய பிசிஐ பாட்டையும் இத்தடையை நீக்கின.

விண்ஜி

டாஸ் ஆட்டங்களை விண்டோஸுக்கு ஈர்க்கும் நோக்குடன் மைக்ரோசாப்ட் 1994 இல் விண்ஜி என்னும் நிரல் தொகுப்பை வெளியிட்டது. இதனை எழுதியவர் கிறிஸ் ஹெக்கர். நிரல் தானே நேரடியாக எழுதக்கூடியதும், விரைவாகத் திரைக்கு அனுப்பக்கூடியதுமான படப்பகுதி ஒன்றை விண்ஜி அளித்தது. நிறுவப்பட்ட திரையட்டையில் எந்த வழி விரைவானது என்பதை முதன்முறை இயங்கும்போது அதுவே சோதித்து அறிந்தது. டூம் ஆட்டம் விண்ஜியைக் கொண்டு விண்டோஸில் இயக்கிக் காட்டப்பட்டது.

எனினும் விண்ஜியும் படியெடுப்பையே நம்பியிருந்தது. பக்கம் புரட்டவோ திரையின் படவணு எண்ணிக்கையை மாற்றவோ அதனால் இயலவில்லை. மேலும் அதன் நிலைப்பு திரையட்டை இயக்கிகளின் தரத்தைப் பொறுத்திருந்தது. 1994 கிறிஸ்துமசு பருவத்தில், டிஸ்னியின் 'லயன் கிங்' திரைப்படத்தைத் தழுவி விண்ஜியைக் கொண்டு வெளிவந்த குறுவட்டு மென்பொருள், விண்ஜியோடு சோதிக்கப்படாத இயக்கிகளைக் கொண்ட வீட்டுக் கணினிகளில் செயலிழந்தது. பரிசாகப் பெற்ற மென்பொருள் ஓடாததால் பெற்றோர்கள் பலர் உதவி மையங்களைத் தொலைபேசியில் அழைத்தனர். விண்டோஸை நம்பி ஆட்டங்களை உருவாக்கலாமா என்னும் ஐயத்தை இந்நிகழ்வு வலுப்படுத்தியது.

டைரக்ட்டிரா

விண்டோஸ் 95 இயங்குதளம் 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியானது. அதே ஆண்டு செப்டம்பரில் டைரக்ட்எக்ஸின் முதற்பதிப்பு வந்தது. அலெக்ஸ் செயின்ட் ஜான், கிரெய்க் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ட்ராம் ஆகியோர் இதன் முன்னோடிகள். இதன் டைரக்ட்டிரா பகுதி, திரையை முழுமையாகத் தனக்கு ஒதுக்குமாறு நிரல் கேட்கும் வழியை அளித்தது. ஒதுக்கப்பட்டபின் நிரல் திரையின் படவணு எண்ணிக்கையை மாற்றலாம். திரையட்டை நினைவகத்தில் பல பக்கங்களை அமைக்கலாம். வெற்றிடைவேளையில் அவற்றைப் புரட்டலாம்.

இவ்வுரிமை நிலையானதன்று. பயனர் வேறு நிரலுக்கு மாறினால் திரையட்டை நினைவகத்தில் இருந்த படங்கள் இழக்கப்படலாம். ஆட்டத்திற்குத் திரும்பியதும் நிரல் அவற்றை மீட்டெடுத்து, உள்ளடக்கத்தை மீண்டும் வரைய வேண்டும். இதைக் கவனியாத ஆட்டங்கள் திரும்பும்போது வெற்றுத் திரையைக் காட்டின அல்லது செயலிழந்தன. திரையைக் கடன் கொடுத்துத் திரும்பப் பெறும் இம்முறை, டாஸின் சுதந்திரத்தையும் விண்டோஸின் பகிர்வையும் ஓரளவு இணக்கப்படுத்தியது.

யுனிக்சு சூழல்கள்

1987 இல் வெளிவந்த எக்ஸ்11 சாளர முறைமையில், வரைபவரும் நிரலும் தனித்தனிச் செயல்முறைகள் ஆகும். அவை வெவ்வேறு கணினிகளிலும் இருக்கலாம். இதனால் நிரல் ஆக்கிய ஒவ்வொரு படமும் தொடர்புத் தடம் வழியே அனுப்பப்பட வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே கணினியில் இயங்கும்போது நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ள உதவிய எம்ஐடி-எஸ்எச்எம் நீட்சி, இப்படியெடுப்பைத் தவிர்த்து அசைவூட்டத்தை விரைவாக்கியது.

பிற்கால வளர்ச்சி

2000களில் திரையட்டைகளின் நினைவகமும் வேகமும் பெருகியதால் கலவைச் சாளர மேலாண்மை நடைமுறைக்கு வந்தது. இதில் ஒவ்வொரு சாளரமும் மறைவான தனி நினைவகத்தில் வரையப்படுகிறது. இயங்குதளம் அவற்றை ஒன்றாக இணைத்து, முழுமையான படத்தை வெற்றிடைவேளையில் புரட்டுகிறது. 2001 இல் மாக் ஓஎஸ் எக்ஸ் இம்முறையைப் பின்பற்றியது. 2002 இல் அதன் 10.2 பதிப்பு இணைக்கும் பணியைத் திரையட்டைக்கு மாற்றியது. லினக்சில் 2006 இல் காம்பிசும், 2007 இல் பொதுப் பயனர்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டாவும் இவ்வழியில் வந்தன.

முன்பு முழுத்திரை நிரல்களுக்கு மட்டும் கிட்டிய இரட்டை இடைநினைவகம், இதன்மூலம் ஒவ்வொரு சாளரத்திற்கும் கிடைத்தது. இதற்குக் கொடுத்த விலை கூடுதல் நினைவகமும், படம் திரையை அடைவதில் ஏற்படும் சிறு தாமதமும் ஆகும். இத்தாமதத்தைத் தவிர்க்க, முழுத்திரையில் இயங்கும் ஆட்டங்கள் கலவை அடுக்கைக் கடந்து நேரடியாகப் பக்கம் புரட்டும் வழிகளைப் பிற்கால இயங்குதளங்களும் வைத்துள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

* வரைகலைப் பயனர் இடைமுகம்
* இயங்குதளம்
* கணினி வரைகலை
* எதிர்மின் கதிர்க் குழாய்
* நிகழ்பட ஆட்டம்